உப்புநீர் வரிசை

ஈறு கைவிட்டு ஆடிப்போயிருந்த கோரைப்பல்
இடுக்கியோடு வந்துவிட்டது, ரத்தம்கூட அதிகமில்லை.
"கொடுங்க, பார்க்கிறேன்" என்று
கை நீட்டினார் ஃபராமர்ஸ்.
லாஹிஜான் தேயிலை ஆலையில்
இருபத்திரண்டு வருடம் உலர்த்தும் அறை.
விரல் ரேகைக்குள் கறுத்த சாறு
எந்தச் சோப்புக்கும் போகாதது.

நேரான வேர். ஒற்றைக் கால்வாய். விரிசல் இல்லை.
நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த
அறுபதாவது பல்.

ஆய்வைப் பற்றிச் சொன்னேன்:
அழுகிய நரம்பை அள்ளியெறிந்த பிறகும்
வேரின் நுண்குழல்களில் ஒளிந்துகொள்ளும்
ஒரு கிருமி இருக்கிறது.
இரட்டை இரட்டையாக, சில சமயம் சரம் சரமாக.
பட்டினி போட்டாலும் சாவதில்லை,
பல்லுக்குள் இருந்துகொண்டே
பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்.
அதன்மேல் பச்சைத் தேயிலையின் துவர்ப்பைப்
பசையாகக் குழைத்து வைக்கப் போகிறேன்,
ஏழு நாள்.

அவர் சிரித்தார். இன்னும் மரத்திருந்த உதடு
ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.
"முன்பல்லில் சர்க்கரைக் கட்டியைக் கவ்வி
ஒரு நாளைக்குப் பதினாலு கிளாஸ் டீ, டாக்டர்.
என் வாயைக் கெடுத்ததே அது.
அதையே மருந்தென்று வைப்பீங்களா?"

கெடுத்தது சர்க்கரை என்றேன்.
"ரெண்டும் ஒன்றாகத்தானே உள்ளே போச்சு"
என்றார்.

கோரைக்குப் பக்கத்துப் பல்லிலும் சீழ்.
"இதில் இப்பவே வையுங்களேன், உங்க தேயிலையை."
முடியாது.
வாயிலிருக்கும் பல்லுக்கு இன்னும் அனுமதியில்லை.
வழக்கமான சுண்ணாம்பைத்தான் நிரப்பினேன்,
வெள்ளையாக, பழசாக, நம்பகமாக.
பிடுங்கிய பல்லுக்கு மட்டும்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரஷ்த்தில் அன்றிரவு மழை.
இந்த ஊரில் எந்த இரவு மழையில்லை.
சீட்டுகளை மடித்துப் போட்டு
குளிர்பதனக்காரி பர்வானெவை எடுக்கச் சொன்னேன்.
தேயிலைக்கு இருபது, சுண்ணாம்புக்கு இருபது,
உப்புநீருக்கு இருபது.
அறுபதாம் எண்ணுக்கு வந்தது
உப்புநீர்.

ஒரு நிமிஷம் யோசித்தேன், மறைக்கவில்லை.
சீட்டை மாற்றினால் யாருக்குத் தெரியும்?
பர்வானெ என்னைப் பார்க்காமல்
கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மனித உடம்பின் சூட்டில் ஒரு வாரம்.
பிறகு வேரின் உட்சுவரைச் சுரண்டி
அந்தப் பொடியைத் தட்டுகளில் விதைத்து
மறுநாள் எண்ணினேன்.
தேயிலைத் தட்டுகளில்
பதினொன்று, நாலு, ஒன்றுமில்லை, இருபத்தாறு.
சுண்ணாம்பும் ஏறக்குறைய அப்படித்தான்,
பெருமைப்பட எனக்கு இடம் வைக்காமல்.
உப்புநீர் வரிசை முழுக்கப் பால் கொட்டியதுபோல்.
அறுபதாம் தட்டின் மேல் எழுதினேன்:
எண்ணி மாளாது.

வியாழக்கிழமை ஃபோன் செய்தார்.
"என் பல் என்ன சொல்லுது?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் உருளை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ யாரையோ கிலகியில் திட்டினார்கள்.
"உப்புத்தண்ணியா" என்றார்.
"இருபத்திரண்டு வருஷம் இலையில் கிடந்தவன் பல்லுக்கு
ஒரு சொட்டு இலை இல்லையா."
இன்னொரு முறை சிரித்தார். இம்முறை
இரண்டு பக்கமும் சிரித்திருக்க வேண்டும்.
பல்லைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்.
பொடியாகிவிட்டது என்று
நான் சொல்ல வேண்டியிருந்தது.

சுண்ணாம்பை எடுத்துப் பக்கத்துப் பல்லை
அடைக்க வந்த நாளில்
கால் கிலோ பொட்டலம் கொண்டுவந்தார்.
புளிக்க விடாமல், பச்சையாகவே வாட்டிய இலை.
"எங்க ஊரில் இதை யாரும் குடிக்கிறதில்லை,
கசக்குது. ஆனால்
உங்க வேலைக்கு ஆகுமே."

பொட்டலம் அலமாரியில் இருக்கிறது.
நான் கறுப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டு
முன்பற்களில் சர்க்கரைக் கட்டியைக் கவ்வியபடி
உப்புநீர் வரிசையைக்
கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.
கட்டி கரைகிறது.