பரல்

என் உயரம் நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்.
கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
சிறுமியர் பிரிவு இரண்டாம் மாடி என்றார்.
போனேன்.
ஊதா நிறம். கைப்பிடியில் குஞ்சம்.
இறக்கை வைத்த குதிரையின் படம்.
இறங்கி வந்தேன்.

பெரியவர்களுக்கானதில் மிகச் சிறியது
திரும்பும் போதெல்லாம்
முன்சக்கரத்தால் என் கால்விரலைக் கடிக்க வந்தது.
யாரோ நெட்டையான ஒருவருக்கு வரைந்து
சலவையில் சுருங்கவிட்ட சைக்கிள்.
நான் யாரிலிருந்தும் சுருங்கியவள் இல்லை.

எட்டுக் குழாய் வாங்கினேன்.
பீல் நகரில், ஒரு குடியிருப்பின் அடியில்,
ஜன்னலில்லாத கராஜ் ஒன்று வாடகைக்கு.
வாரம் முழுக்கக் கடிகாரத் தொழிற்சாலையில்
மில்லிமீட்டரை நூறாகப் பிளந்து
அதில் ஒன்று பிசகினாலும் பதில் சொல்கிறவள் நான்.
இங்கே அரை மில்லிமீட்டர் மன்னிப்பு உண்டு.
சனிக்கிழமைகளில்
அந்த மன்னிப்புக்குள் குடியிருந்தேன்.

ஒரு ஞாயிறு
குழாயின் வாயைப் பிறையாக அராவிக்கொண்டிருந்தேன்;
ஒன்றின் தோளில் மற்றொன்று
வெளிச்சம் நுழையாதபடி சாயவேண்டும்.
மேல்மாடி மதாம் வுயெமியே
செருப்புச் சத்தம்கூட இல்லாமல் இறங்கி வந்தார்.
ஞாயிற்றில் காலி பாட்டிலைத் தொட்டியில் போடவும்
கூடாத நாடு இது.
"பல் பிடுங்குகிறீர்களா?"
"இல்லை மதாம், முளைக்கிறது."
அவர் சிரிக்கவில்லை.
அதன்பின் ஞாயிறுகளில் வரைய மட்டும் செய்தேன்.

வெண்காரம் பூசிச் சுடரைச் சாய்த்தேன்.
எஃகு செவ்வாழைத் தோல் நிறத்துக்கு வந்தது: போதாது.
பழுத்த பப்பாளி: இப்போது.
பித்தளைக் கம்பியின் நுனி கொஞ்சம் தயங்கி
பிறகு கூச்சம் விட்டு இடுக்கெல்லாம் ஓடியது.
பொடி வைத்து ஊதுகிற ஆசாரிகளிடமிருந்துதான்
பொடி வைத்துப் பேசவும் கற்றிருப்போம்.
எஃகு அப்படிப் பேசாது.
சூடு மிஞ்சினால் கோபிக்காது,
ஞாபகம் வைத்துக்கொள்ளும்.
முதல் சட்டகத்தை நானே அறுத்துப் போட்டேன்.
இரண்டாவது நேராக நின்றது.
அதாவது, அரை மில்லிமீட்டர்.

சக்கரங்கள் ஓர் அளவு சிறியவை.
நிறம்? ஊதாவேதான்.
குஞ்சம் மட்டும் இல்லை.

மே மாதக் காலையில் ஷாஸ்ரால் மலைக்கு ஏறினோம்,
நானும், கூட வேலை பார்க்கும் லூசியாங்கும்.
அவனுடைய கார்பன் வண்டியை ஒரு விரலில் தூக்கலாம்;
அவன் அதை அடிக்கடி தூக்கிக் காட்டுவான்.
ஓர்வாங் ஊரைத் தாண்டிய மூன்றாவது வளைவில்
எழுந்து நின்று மிதித்தேன்.

டிக்.

மறுபடி, டிக்.
கடிகாரத்தில் அது உயிர்.
சைக்கிளில் அது விரிசல்.
பெடலை இறுக்கினேன். இருக்கையை இறுக்கினேன்.
சாவிக்கொத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து
லூசியாங்கிடம் கொடுத்தேன்.
டிக்.
வயிற்றுக்குள் ஒவ்வொரு மூட்டாக
மறுபடி சூடேற்றிப் பார்த்தேன்.

லூசியாங் சம்பளத்துக்குக் காது கொடுப்பவன்,
ஒரு நாளைக்கு இருநூறு கடிகாரம்.
புல்லில் மண்டியிட்டு
என் வண்டியின் ஒவ்வொரு எலும்பிலும் காது வைத்தான்.
மாடுகள் கழுத்துமணியோடு சுற்றி நின்றன.
"அவற்றை நிறுத்தச் சொல்" என்றான்.
எந்த மொழியில் சொல்ல?
பிறகு வண்டியைத் தலைகீழாக்கினான்.
ஏதோ ஒன்று
பின்பக்க இடது குழாய்க்குள்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
உருண்டு போனது.

பித்தளைத் துளி.
நான் ஒரு நொடி அதிகம் ஊட்டியதில்
உள்ளே சொட்டி, குளிர்ந்து, உருண்டையானது.
இரு முனையும் நான் அடைத்த குழாய்.
காற்றுத் துளையோ அதைவிடச் சிறியது.
அறுத்தால் ஒழிய வராது.

"அறுப்பாயா?" என்றான்.

எந்த அவையிலும் போட்டு உடைத்து
முத்தா மாணிக்கமா என்று காட்டவேண்டிய
வழக்கு எனக்கில்லை.
உள்ளே இருப்பது என்னவென்று தெரியும்.
சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

உச்சியில் கடுங்குளிர். சூப் விலை அதிகம்.
இறக்கத்தில் காற்று எல்லாவற்றையும் விழுங்கியது.
ஊருக்குள் தண்டவாளம் தாண்டும்போது மட்டும்
ஒரு டிக்.
கராஜுக்குத் திரும்பும் குறுகலான வளைவில்
சக்கரமும் என் கால்விரலும்
ஒன்றையொன்று
கண்டுகொள்ளாமல் போயின.