ஈரல்குலை நடுங்கும் வேகம்

சட்டையை மார்புவரை சுருட்டிக்கொண்டு
வலக்கையைத் தலைக்குமேல் மடக்கிப் படுத்திருக்கிறார் ஷெஹாத்தா.
கஃபர் அல்-ஷேக், அரசு மருத்துவமனை, ஏழாம் எண் அறை.
விலா எலும்புகளின் சந்தில் களிம்பு தடவுகிறேன்.
நெல்வயல் வெயிலில் கறுத்த உடம்பு
அந்தக் குளிர்ச்சிக்குக் கூசுகிறது.

டக்.
டக்.
பத்துமுறை சுண்ட வேண்டும்.
ஒவ்வொரு சுண்டுக்கும் ஓர் அலை எழுந்து ஈரலைக் கடக்கும்.
இளகிய ஈரலில் மெல்ல நடக்கும்,
தழும்பேறியதில் ஓடும்.
ஈரல்குலை நடுங்கிப்போச்சு என்பார்களே,
அந்த நடுக்கத்தின் வேகத்தைத்தான்
பதினோரு வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

பதினொன்று புள்ளி எட்டு.
பெயரிலேயே கல்லை வைத்திருக்கும் உறுப்பு
நிஜக் கல்லாக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

குடிக்காத மனிதர்.
கண்ணில் மஞ்சள் இல்லை, கால் வீங்கவில்லை.
களைப்பு மட்டும்; அதையும் வயதின் கணக்கில் எழுதியிருந்தார்.
தெருமுனைக் கூடாரத்தில்
விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தார்கள்:
இரண்டு கோடு.

எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள்.
இவர் கேட்கவில்லை, சொன்னார்:
பள்ளிக்கூட முற்றம்.
வாய்க்காலில் நீந்தி, மூத்திரத்தில் ரத்தம் கண்ட பையன்கள்.
வாரம் ஓர் ஊசி, பன்னிரண்டு வாரம்.
ஒரே கண்ணாடிக் குழல்,
கொதித்தும் கொதியாத தண்ணீர்.
முன்னால் கபல்லா. பின்னால் தம்பி அவதல்லா.

"கபல்லா போன வருஷம் ரத்தவாந்தியெடுத்துச் செத்தான்.
அவனிடமிருந்து எனக்கு. சரி.
எனக்குப் பின்னால் நின்றவனுக்கு?"

களிம்பைத் துடைக்கக் கொடுத்த காகிதம்
கையிலேயே கசங்குகிறது.
மதகுத் தண்ணீர்ச் சண்டையில்
தம்பியோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

டாக்டர் எழுதியது இரண்டு மாத்திரை,
தினம் ஒரே வேளை, மூன்று மாதம். அரசாங்கச் செலவு.
பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுவாரம் அவதல்லா வந்தார்.
யார் யாரைக் கூப்பிட்டது, தெரியாது.
அண்ணன் பக்கம் திரும்பாமல் விரலை நீட்டினார்.
இருபது நிமிடம் ஒரே பெஞ்சில் இருவரும்,
நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

ஒரே கோடு.

"எப்படி?" என்றார் ஷெஹாத்தா, ஏறக்குறைய கோபமாக.
"நான் எங்கே உன் பின்னால் நின்றேன்?
முதல் நாளே ஜன்னலேறிக் குதித்துச் சோளக்காட்டுக்குள் ஓடினேனே.
வாராவாரம் ஓடினேன், வாராவாரம் அப்பாவிடம் அடி வாங்கினேன்.
பிடித்துக் கொடுத்ததே நீதானே!"

ஏழாம் அறையில் அன்று
வேலை கொஞ்சம் தாமதமாயிற்று.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து
ரத்தத்தில் கிருமி இல்லை.
தழும்பு இருக்கிறது என்றேன்.
கரையலாம், கரையாமலும் போகலாம்.
கட்டி ஏதும் முளைக்கிறதா பார்க்க
ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன், மறக்கக் கூடாது.

மறக்கவில்லை. இதோ, படுத்திருக்கிறார்.
டக்.
ஒன்பது புள்ளி ஆறு.
"நல்லதா?"
"முன்னைக்கு நல்லது."

வாசலில் டிராக்டர் ஹார்ன்,
இரண்டு முறை, பொறுமையில்லாமல்.
நாலு மணிக்கு இவர்கள் முறைத் தண்ணீராம்.
களிம்பைப் பாதி துடைத்தபடியே
பட்டனைத் தப்பான துளையில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்.