பத்தொன்பதாவது அட்டை

நோட்டில் ஐந்து கட்டங்கள் போட்டிருந்தேன்:
எண், தேதி, ஊர், அட்டையில் என்ன படம்,
தபால்தலைக்கு எவ்வளவு.
என்ன எழுதினேன் என்பதற்குக் கட்டமில்லை.
அதையும் குறித்துவைத்தால்
ஒரே முத்தத்துக்கு இரண்டு ரசீது என்று
அப்போது தோன்றியது.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு.
உருகுவேயில் பேருந்து நிற்கும் ஊரெல்லாம்
ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிளப், ஒரு விதவையின் வீடு
சுருதி கலைந்து எனக்காகக் காத்திருக்கும்.
பிராவ்லியோ மொந்தேவீதேயோவை விட்டு நகரமாட்டான்.
பேருந்து ஏறினால் அவனுக்குக் குமட்டும்.
அதனால் அட்டைகள்.

ஒன்று: சால்ட்டோ, வெந்நீர்க் குளத்தில் குளிக்கும் கூட்டம்.
ஏழு: பாய்சாந்து, தேவாலயம், கொஞ்சம் சாய்வாக அச்சாகியிருந்தது.
எட்டு: அதே தேவாலயம். கடையில் வேறு இல்லை.
பதினான்கில் படமே பசுமாடு.
பத்தொன்பது: தாக்குவாரெம்போ. குதிரைக்காரர்கள். மழை.

வீடு திரும்பிய ராத்திரி
அவனும் ஒரு நோட்டை எடுத்துவந்தான்.
வரவு வைக்கிறான் என்று எனக்குத் தெரியாது.
மாத்தே கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு
நான் செலவு வாசித்தேன், அவன் வரவு வாசித்தான்.
பதினெட்டு வரை ஒரு புள்ளி பிசகவில்லை.

"பத்தொன்பது?"
"வரவில்லை."
"இருபது?"
எடுத்துக் காட்டினான். என் கையெழுத்துதான்.
முதல் வரி: நேற்று எழுதியதை மறந்துவிடு.

அவன் நோட்டில் பத்தொன்பதுக்கு எதிரே
பென்சிலில், சின்ன எழுத்தில்:
மறந்தாயிற்று.

அஞ்சலகப் பெண்ணின் விரல் நினைவிருக்கிறது,
ஈரப் பஞ்சில் தலையைத் தொட்டு ஒட்டினாள்,
நகத்தில் பாதி அழிந்த சிவப்பு.
பள்ளிப் பியானோவுக்குள் எலி குட்டி போட்டிருந்தது,
ஐந்து குட்டி, சுத்தியல்களின் கம்பளியைப் பிய்த்து மெத்தை.
விடுதிக் கட்டிலில் எந்தப் பக்கம் படுத்தேன் என்பதுகூட
நினைவிருக்கிறது.
எழுதியது மட்டும் இல்லை.

திரும்பி வரவேண்டாம் என்று நினைத்ததை எழுதினேனா?
நினைத்தது உண்மை. ஒரு மாலை முழுக்க.
அவன் அண்ணனிடம் நான் வாங்கிய கடனையா?
அதுவும் உண்மை.
அல்லது அந்தக் குட்டிகளை நான் என்ன செய்தேன் என்பதை.

"எலியைப் பற்றி" என்றேன்.
"ஓ" என்றான்.
கோப்பையில் வெந்நீர் ஊற்றினான்.

ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள்.
ஒன்று மயிரிழை இளகினாலும் ஒலி நடுங்கும்.
அந்த நடுக்கத்தைக் கேட்டுச் சம்பாதிக்கிறவள் நான்.
அன்று கேட்டுக்கொண்டே ரொட்டி வெட்டினேன்.

போன மார்ச்சில் முப்பத்துமூன்று என்ற ஊரில் இறங்கினேன்.
நிஜமாகவே அதுதான் பெயர், த்ரெய்ந்தா இ த்ரேஸ்,
எப்போதோ ஆறு கடந்து வந்த முப்பத்துமூன்று பேருக்காக.
நோட்டைப் புரட்டினால் அடுத்த எண் முப்பத்திரண்டு.
பேருந்து நிலையத்திலேயே ஒன்றை எழுதிச் செலவழித்தேன்:
சேர்ந்துவிட்டேன், வெயில், சாப்பிட்டாயிற்று.
பிறகு ஆற்றங்கரைக்கு நடந்து,
பாலத்துப் படத்தின் முதுகில்:

பிராவ்லியோ,
என் கணக்கில் இது முப்பத்துமூன்று.
உன் கணக்கில் முப்பத்திரண்டு.
ஊர் என் பக்கம்.
ஞாயிறு வருகிறேன்.
நீ மறந்ததை இன்னொரு முறை எழுதட்டுமா,
இல்லை, எலியே போதுமா?

பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான்
தலை ஒட்டினேனா என்று சந்தேகம் வந்தது.
நோட்டில் ஐந்தாவது கட்டம்
காலியாக இருக்கிறது.