அறுநூற்றெண்பது பவுன்

கொம்பனித்தெருவில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
மணி அடித்தால் துவாரத்தில் ஒரு கண் வரும்.
பிறகு மூன்று பூட்டு, ஒவ்வொன்றாக.
அந்தச் சத்தத்துக்கே என் மணிக்கட்டு நொந்தது.

எனக்குச் செட்டியார் தெருவில் அடகுக்கடை,
மேல்மாடியில் வீடு.
போன மாசியில் இரண்டு பேர் வந்தார்கள்,
ஹெல்மெட் கழற்றவில்லை.
ஒருத்தன் படியில் நின்றான்.
மற்றவன் பெட்டகச் சாவியைக் கேட்டான்.
கொடுக்கத்தான் நினைத்தேன்.
வளையத்தை நெம்பிச் சாவியைக் கழற்ற
வீங்கிய விரலுக்கு ஏலவில்லை.
வேண்டுமென்று சுணங்குகிறேன் என்று
அறைந்தான்.

அமைச்சு பதினொரு மாதம் யோசித்து
ஓம் என்றது.

கடைக்காரர் துவான் ஜுனைதீன், பழைய பட்டாளம்.
முதலில் கறுப்புப் பிஸ்டல் ஒன்றை வைத்தார்.
“மேல்பக்கத்தைப் பின்னால எடுங்கோ நோனா.”
எடுத்தேன்.
துப்பாக்கி முழுதாக என்னோடு வந்தது,
மேல்பக்கம் வரவில்லை.
“இழுக்க வேணாம், மற்றக் கையால முன்னுக்குத் தள்ளுங்கோ.”
பாதி தூரம் போய்த் திரும்பி
பெருவிரல் இடுக்கைக் கடித்தது.

பிறகு குட்டி ரிவோல்வர்.
கைப்பைக்குள் கிடந்தால் தெரியாது, அவ்வளவு இலேசு.
விசை மட்டும் பன்னிரண்டு இறாத்தலாம்.
பவுனில் சொல்லுங்கோ என்றேன்.
சிரித்தார். நான்தான் கணக்குப் பார்த்தேன்:
அறுநூற்றெண்பது பவுன்.
முப்பது வருடத்தில் என் தராசு காணாத நிறை.
அதை ஒற்றை விரலால்
இருட்டில், நித்திரைக் கலக்கத்தில்.

“இலேசானது கூட உதைக்கும்.
பாரமானது பொறுத்துக்கொள்ளும்,
மனிசர் மாதிரி,” என்றார் துவான்.
எந்த மனிசர் என்று கேட்கவில்லை.

இதற்கிடையில் எனக்கு அண்ணன் ஞாபகம்.
யாழ்ப்பாணத்தில் பொறுக்கிய வெற்று ரவைக்கோது ஒன்றை
ஊதுகுழலாகச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.
வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும்
அம்மா அதைச் சோற்றுருண்டைக்குள் பொத்தி
கால்வாயில் எறிந்துவிட்டு வந்தாள்.
அன்றிரவு முழுக்க நித்திரையில்லை அவளுக்கு.
பித்தளை மிதக்குமோ என்று
மூன்று தரம் அப்பாவை எழுப்பிக் கேட்டாள்.

இன்று என் பெயரில், முத்திரை குத்தி,
ஐம்பது ரவைக்குப் பற்றுச்சீட்டு.

மூன்றாவது, குழல் எழும்பும் வகை.
நெம்பைத் தட்டினால் முன்பக்கம் வாய் திறக்கும்,
முதல் ரவையை நேரே வைக்கலாம்,
எதையும் இழுக்க வேண்டாம்.
சின்ன ரவை. ஆள் விழுமா?
“பெரிசால ஒருக்காத் தவறுறதை விட
சின்னதால ஆறு தரம் நிதானமா.”
கைக்குள் அது அடங்கி இருந்தது.
பிடித்துக்கொண்டது என்று சொல்ல வெட்கம்,
பிடித்துத்தான் இருந்தது.

மிச்ச ரவைகளை உறைக்குள் அமுக்கவேண்டும்.
ஒன்று போனது. இரண்டு போனது.
மூன்றாவதில் பெருவிரல் நின்றுவிட்டது.
“ஏற்றித் தர வீட்டில ஆள் இருக்கா?”

இருக்கிறாள். புஸ்பலீலா.
பொகவந்தலாவையில் இருந்து வந்து ஒன்பது வருடம்.
காலையில் என் சட்டைக் கொக்கி மாட்டுவது அவள்,
ஜாம் போத்தல் திறப்பது அவள்.
களவு போன அன்று
பொலிஸ் முதலில் எழுதியதும் அவள் பெயரைத்தான்.
நான் மறுத்தேன்,
கொஞ்சம் பிந்தித்தான் மறுத்தேன்.
அது அவளுக்குத் தெரியும்.

எப்படிக் கேட்பது?
பிள்ளை, தேத்தண்ணியை ஊற்று,
பிறகு இதில ஆறைப் போடு என்றா?

கேட்டேன்.
மேசையில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தாள்.
அடகு நகையைத் துடைக்கிற அதே துணியால்
ஒவ்வொன்றாகத் துடைத்து அமுக்கினாள்,
கடக், கடக்,
கீரை ஆய்வது போல முகத்தில் ஒன்றுமில்லை.
ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு
“இது யாருக்கும்மா?” என்றாள்.

படியைக் காட்டினேன்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
படியில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது.