பதினைந்து மீட்டர்

சுமந்தது நான்.
பதினோரு வருடம், இருபது கிலோ.
பதினான்கு மட்டைகள், மழைச்சட்டை,
அவன் பாதி கடித்துப் போட்ட ஆப்பிள்கள்.
ஒடிந்தது என்னவோ அவன் முதுகு.

மற்ற களங்களில்
புறமுதுகு காட்டுவது இழுக்கு.
இங்கே இலக்குக்கு முதுகைக் காட்டினால்தான்
அடி விழும்.
காட்டினான் எவாரிஸ்டோ,
நாளைக்கு ஐந்நூறு முறை,
பத்து வயதிலிருந்து.
தலை அசையாது. இடுப்புக்கு மேலே
ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு.
கூட்டம் பந்தைப் பார்க்கும்.
நான் அந்த முறுக்கைப் பார்ப்பேன்.

கோர்தோபாவில் அறுத்தார்கள்.
இரண்டு கம்பி, நான்கு திருகாணி.
இரண்டு எலும்பையும் ஒன்றாக்கிவிட்டோம் என்றார் டாக்டர்,
ஏதோ கல்யாணம் செய்துவைத்தவர்போல.
தையலை என்னை எண்ணச் சொன்னான்.
பத்தொன்பது.
"பதினெட்டோடு நிறுத்தியிருக்கலாம்" என்று சிரித்தான்.
சிரிப்பு பாதியில் வலியாகி நின்றது.

பதினான்கு மாதம் கழித்து மார் தெல் பிளாட்டா.
யூகலிப்டஸ் மரங்களை ஒரே பக்கமாகச் சாய்க்கிற கடற்காற்று.
குழியிலிருந்து பந்தை எடுப்பது என் வேலையாயிற்று.
மட்டையின் நுனியில் ரப்பர் மூடி மாட்டிப்
பந்தை உறிஞ்சி எடுக்கும் கிழவர்களை
ஒரு காலத்தில் நடித்துக் காட்டியவன்,
நான் குனியும்போதெல்லாம்
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்னொன்றும் செய்தேன்.
கொடிக்கு நூற்றைம்பது மீட்டர் என்றால்
நூற்று அறுபத்தைந்து என்பேன்.
அவனுடைய பழைய ஏழாம் எண் இனி எட்டாது.
ஐந்தாம் எண்ணை உருவிக் கொடுப்பேன்,
பழியைத் தூரத்தின் மேல் போட்டு.
தூரத்துக்கு வலிக்காது.

இரண்டாம் நாள், பதினேழாவது குழி.
சனிக்கிழமையும் ஆட வேண்டுமென்றால்
ஓர் அடியாவது மிச்சம் பிடிக்க வேண்டும்.
"நூற்று எழுபத்திரண்டு" என்றேன்.
அவன் கொடியைப் பார்க்கவில்லை.
"நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது
மைதானம் வளர்ந்துவிட்டதா, நிகனோர்?"

காற்று, என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு வரை வந்தது.

ஐந்தாம் எண்ணை அவனே உருவினான்.
நன்றாகத்தான் அடித்தான். போதவில்லை.

பதினெட்டாவதில் எல்லாம் முடிந்தபின்
பழக்கத்தில் நான் குனியப் போனேன்.
பையின் வாரைப் பிடித்து நிறுத்தினான்.
மட்டையை ஊன்றி, இடது முழங்காலை மடக்கி,
முதுகு பலகைபோல் நிற்க
ஒரு சுவர் இறங்குவதுபோல் இறங்கினான்.
பின்னால் வந்த இரண்டு பையன்களில்
ஒருவன் மணி பார்த்தான்.
மணிக்கட்டு வரை குழிக்குள் போன கை
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.
எழ அதைவிட நேரமாயிற்று.
நான் கை நீட்டவில்லை.

பந்தை என் பக்கம் எறிந்தான். நனைந்திருந்தது.
"உண்மையில் எவ்வளவு?"

எந்தக் குழியைக் கேட்கிறான் என்று
நான் கேட்கவில்லை.
"நூற்று ஐம்பத்தேழு."

நூற்று ஐம்பத்தேழு, என்றான்.
கார் நிறுத்துமிடம் வரும் முன்
இன்னொரு தடவையும் சொன்னான்.