ஒரிஜினலை எடுத்துக்கொண்டீர்களா

தோட்டப்பாளையத்தில் என் கடை.
ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி,
பலகையில் தமிழுக்குக் கீழே வங்காள எழுத்து.
எழுதிக் கொடுத்தவன் வைத்தியம் முடிந்து ரயிலேறிவிட்டான்.
என்ன எழுதினான் என்று இன்றுவரை தெரியாது.
ஆள் வருகிறது, அது போதும்.

கிட்னி, இதயம், கர்ப்பப்பை,
எல்லாம் சூடாக என் கையில் வந்து விழும்.
பக்கம் இரண்டு ரூபாய்.
ஒரு லட்சம் டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்திருப்பேன்,
என்னுடையது தவிர.

போன சித்திரையில் இடது கண்ணில் மங்கல்.
வெயில் என்று நினைத்தேன். வேலூரில்
எதற்கும் முதலில் வெயிலைத்தான் சந்தேகப்படுவோம்.
டாக்டரம்மா விளக்கை வலது கண்ணுக்கு நகர்த்தி
'இதுல ஏற்கெனவே லென்ஸ் இருக்கே' என்றார்.
'ஆமாம்மா. காட்பாடி கேம்ப். பதினேழு வருஷம்.'
'என்ன லென்ஸ்? என்ன பவர்?
அப்போ பிரஷர் இருந்துச்சா? பேப்பர் எங்கே?'

பச்சை அட்டை, ஓரத்தில் நூல் கட்டியது.
கடை மாற்றும்போது பழைய தாளோடு
கிலோ ஆறு ரூபாய்க்குப் போட்டேன்.
கண்தான் தெரிகிறதே, இது எதற்கு என்று
அந்தக் கண்ணாலேயே பார்த்துப் போட்டேன்.

அவர் திட்டவில்லை.
'தெரியவில்லை' என்று நான்கு இடத்தில் எழுதினார்.
டாக்டர் கையெழுத்தில்
நான் தடுமாறாமல் படித்தது அது ஒன்றுதான்.

மறுவாரம் ஒடுகத்தூரிலிருந்து பூங்காவனம்.
வீட்டுக்காரர் முனிரத்தினம் வெளியே
மூடிக்கிடந்த பக்கத்துக் கடைப் படியில், வெயிலுக்குத் துண்டு போட்டு.
'நாளன்னிக்கு அடுத்த கண்ணு சார்.
பழசெல்லாம் கொண்டாரச் சொன்னாங்க.'
துணிக்கடைக் கவருக்குள் கவர், அதற்குள் கவர்.
கடைசியில் வழவழவென்று ஒரு துண்டுத் தாள்,
வெறுமையாய்.
'எழுத்து இருந்துச்சு சார்.
அரிசி டிரம்முல பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்.'

பத்திரமாகத்தான் இருந்தது.
அந்த மெஷின் தாளுக்குச் சூடு ஆகாது,
பிளாஸ்டிக்கும் ஆகாது.
தாளுக்கும் புரை விழும்.

கறுப்பைக் கூட்டிக் கூட்டி எடுத்தேன்.
எட்டாவது பிரதியில், ஏரி வற்றிய சேற்றில்
கொக்குக் கால் பதிந்த மாதிரி, இருபத்தொன்று.
பிறகு ஒரு புள்ளி.
புள்ளிக்குப் பிறகு ஐந்தா, பூஜ்யமா?
'அஞ்சுன்னு போட்டுக்கலாமா சார்?'
பேனா என் காதில் இருந்தது.
எடுக்கவில்லை.
பெரிய எண்ணிக்கை இல்லை அது, பாதிதான்.
ஆனால் அந்தப் பாதியை
ஒரு மனுஷன் சாகும்வரை பார்க்க வேண்டும்.

அவள் கவரை உதறினாள்.
யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை விழுந்தது.
பின்பக்கம், மணமகள் அழைப்பு நேரத்துக்கு நேர் முதுகில்,
விரல் அகலத்தில் ஒரு ஸ்டிக்கர்:
லென்ஸ் பெயர், வரிசை எண், 21.5.
'நர்ஸம்மா கையில குடுத்துச்சு.
ஒட்டுற மாதிரி இருந்துச்சு, ஒட்டிட்டேன்.'

மூன்று பிரதிக்கு ஆறு ரூபாய் வாங்கினேன்.
இருட்டாய் வந்த எட்டும் என் கணக்கு.

ஆடியில் எனக்கு இடது கண்.
நானே எடுத்தேன் பிரதிகளை:
பீரோவுக்கு ஒன்று, கடை மேஜைக்கு ஒன்று,
ஆற்காட்டில் தங்கை வீட்டுக்கு ஒன்று.
தங்கை கேட்டாள், உன் கண்ணை நான் எதுக்கு வெச்சுக்கணும்?
வெச்சுக்கோ என்றேன்.
ஸ்டிக்கரைத் தனியே லேமினேட் செய்து
பஸ் பாஸ் மாதிரி சட்டைப்பையில் வைத்தேன்.
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கடையில் மெஷினுக்கு மேலே
என் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கும்:
ஒரிஜினலை எடுத்துக்கொண்டீர்களா?
மறந்து போனவர்களின் தாள்களுக்கென்றே
பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு.
இரண்டு கல்யாணச் சான்றிதழ், ஒரு பட்டா
இன்னும் கேட்பாரற்று அதில் கிடக்கிறது.

ராத்திரி எட்டரைக்குக் கடைப்பையன் ஜெயவேல் போன் செய்தான்.
ஷட்டர் இறக்கும் முன்
மெஷின் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறான்.

'அண்ணா, கண்ணாடி மேல
ஒரு கண்ணு கெடக்குது.
உங்க பேரு போட்டிருக்கு.'