சுழி

பகலில் தறி ஷெட்டில் பீஸ் எண்ணுகிறேன்.
ராத்திரி, டோர்னமென்ட் நடக்கும் பத்து நாளும்
பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம்
ஒரு மேசை, சிவப்பும் நீலமுமாய் ரெண்டு பேனா.
யார் போட்டது, யார் தள்ளியது,
நான் எழுதினால்தான் நடந்ததாக அர்த்தம்.
தமிழில்தான் எழுதுவேன்.
நகரியில் அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை,
மலை மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு பார்க்கும்.

லீக் ஆட்டம் நாலிலும்
பதினாலாம் நம்பருக்கு நேரே வெள்ளைத் தாள்.
களத்தில் இறங்கினால் ஒரு பெருக்கல் குறி போடவேண்டும்.
போடவில்லை.
அவள் தண்ணீர் பாட்டில் நீட்டினாள்,
பத்மலதாவின் துண்டை மடித்தாள்,
ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

காலிறுதி, சத்தியவேடு.
மூன்றாம் குவார்ட்டரில் பத்மலதா குதித்து
கையை ஊன்றி விழுந்தாள்.
மணிக்கட்டில் வந்த சத்தம்
மைக்கைத் தாண்டி எனக்குக் கேட்டது.
பைக்கில் நடுவே உட்காரவைத்து
புத்தூருக்குக் கொண்டுபோனார்கள், கட்டுப் போட.
முனிரத்தினம் சார் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.
பார்க்க ஒருத்திதான் இருந்தாள்.

பெருக்கல் குறி போட்டேன்.
முதல் பந்து அவள் காலில் பட்டு
வேர்க்கடலை வண்டிக்கு அடியில் போனது.
அடுத்ததை எதிரணிக்காரி கையில்
தாம்பூலம் மாதிரி வைத்துக் கொடுத்தாள்.
ஒவ்வொரு தப்புக்கும் பெஞ்சைப் பார்த்தாள்.
அதற்கு ஷீட்டில் கட்டம் கிடையாது;
ஓரத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்பது.
மற்ற நாலு பேர் ஜெயித்துக் கொடுத்தார்கள்.
அவள் கணக்கில் சுழி.

மறுநாள் காலை ஆறு மணி, கரண்ட் இல்லை.
தறியெல்லாம் வாய் மூடிக் கிடக்க
ஊரில் ஒரே ஒரு சத்தம், மைதானத்திலிருந்து.
டொம். டொம்.
நின்றது.
டொம்.
இடது கையால் தட்டுகிறாள் என்று
பார்க்காமலே தெரிந்தது.
நாடா சரியாக ஓடாத தறியை
தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கிறவன் நான்.

அரையிறுதிக்குத் திருத்தணிக்காரர்கள்
ரெண்டு வேனில் ஆள் கூட்டி வந்தார்கள்.
முதல் ஐவரின் குறியைச் சுற்றி வட்டம் போடுவது முறை.
பதினாலுக்குப் போட்டது கொஞ்சம் கோணிவிட்டது.
ஓரப் புள்ளி நாலு.
ஃப்ரீ த்ரோ இரண்டில் ஒன்று உள்ளே.
ஒரு புள்ளியில்தான் ஜெயித்தோம்;
அந்த ஒன்று அவளுடையது என்று யாரும் சொல்லவில்லை.
கூட்டலில் அது யாருடையதாகவும் இருக்கலாம்.

இறுதி ஆட்டம், சித்தூர்.
பெஞ்சில் பத்மலதா. மூங்கில் பத்தை, துணிச் சுற்று,
முட்டையும் பச்சிலையும் காய்ந்த வாசனை மேசை வரை.
கை தட்ட முடியாமல் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
"பாஸ் இய்யவே, பாஸ் இய்யவே" என்றது கூட்டம்.
பதினாலு கொடுக்கவில்லை.
இடது பக்கம் இறங்கினாள்,
ரெண்டு பேர் வந்து மூடினார்கள்,
மூடிய பிறகுதான் கொடுத்தாள்
மூலையில் தனியே நின்ற குட்டைப் பெண்ணுக்கு.
கோடு போட்டேன்.
அடுத்த முறையும் அதே வழி.
அதற்கடுத்து யாருக்கும் கொடுக்காமல் தானே போட்டாள்.
நாலாவது ஃபவுலுக்கு விசில் ஊதியதும்
நடுவர் ஆளைத் தேடும் முன்னே கையை உயர்த்தினாள்,
ரேஷன் கடையில் தன் பெயரைக் கூப்பிட்டது போல.
அப்போதுதான் ஷீட்டின் ஓரத்தைப் பார்த்தேன்:
புள்ளி வைக்க மறந்திருந்தேன்.
வைக்க ஏதாவது இருந்ததா,
அதுவும் தெரியவில்லை.

மூன்று புள்ளியில் தோற்றோம்.

வலையைக் கழற்றும்போது மேசைக்கு வந்தாள்.
"என்னது எத்தனை?"
"பதினொன்று. ஃபவுல் நாலு."
கூலி சரிபார்க்கிறவளாய்த் தலையாட்டினாள்.
பிறகு பேனாவைக் கேட்டாள்.
ஏழு ஆட்டத்திலும் 'நிரஜா' என்று எழுதியிருக்கிறேன்.
"முதல் நாளே சொல்லக் கூடாதா?"
"அன்னிக்கு யாரு படிக்கப் போறாங்க."
முதல் எழுத்தின் தலையில்
ஒரு சுழி கூட்டினாள், நிதானமாக,
மூடியைப் போட்டுப் பேனாவைத் தந்தாள்.